மதகு நிலவரம் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

கீழ்பவானி வாய்க்காலின் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) 2.07 லட்சம் ஏக்கர். ஒரு போகத்தில் ஒற்றைப்படை எண் மதகுகளுக்குத் தண்ணீர், அடுத்ததில் இரட்டைப்படைக்கு. திறப்பு எந்தத் தேதி, எத்தனை நாள் விட்டு எத்தனை நாள் அடைப்பு: காட்டுக்காரருக்கு வேண்டிய அரசுச் செய்தி இவ்வளவே. நாலு வரியில் சிறு விளம்பரம் போதும்.

நாளிதழில் வரும் அரசு விளம்பரத்துக்கு, அதன் பரப்பளவையும் இதழின் விற்பனையையும் வைத்துக் கட்டணம். அதனால் விளம்பரம் பெரிதானால் பில்லும் பெரிது. இடத்தை அடைப்பதோ படங்கள். (முதல்வர், அமைச்சர் படம் கூடாதென்று 2015-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2016-இல் தளர்த்திவிட்டது.) இந்த வருமானத்தை நம்பும் சிறு பத்திரிகை, வாய்க்கால் உடைப்பை எழுதத் தயங்கினால் வியப்பில்லை.

கோவை வானொலி, மத்திய அரசின் ஒலிபரப்பு அமைப்பான பிரசார் பாரதியுடையது. ஊழியர் சம்பளம் மத்திய அரசின் மானியம். ஆனாலும் மாநிலத் துறை விளம்பரம் கொடுத்தால் விநாடிக் கணக்கில் தனிக் கட்டணம். இரண்டுமே நம் வரிப்பணம்தான். வேளாண் நிகழ்ச்சிக்கு முன் மதகு நிலவரத்தை இலவசமாக வாசிக்க இரு அரசுகளும் உடன்படலாம். நாளிதழுக்கு ஈரோடு, கோவைப் பதிப்பு மட்டும் போதும். சென்னைப் பதிப்பில் மதகு எண் யாருக்கு? எந்த இதழுக்கு எவ்வளவு விளம்பரப் பணம் என்ற கணக்கையும் அரசு மாதந்தோறும் இணையத்தில் போடட்டும்.

– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்