சைக்கிள் மின் கியர் பேட்டரி: ஞாயிறு சைக்கிள் ஓட்டத்துக்கு வருகிறவர்கள் படிக்கவும்

வணக்கம் அண்ணன்மார்களே, தங்கச்சிமார்களே. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டச் சாலையில் போகிறோம், நடுவில் சார்ஜ் போட இடமில்லை, அதனால் சனி இரவே பார்த்துவிடுங்கள்.

ஸ்ராம் ஏஎக்ஸ்எஸ் (வயரில்லாத மின் கியர்) வைத்திருப்பவர்கள் கியரில் உள்ள பட்டனை அழுத்துங்கள்: பச்சை என்றால் சரி, சிவப்பு என்றால் சார்ஜ் போடுங்கள், சிவப்பு மின்னினால் இன்னும் ஓட்ட 6 மணி நேரத்துக்கும் குறைவுதான். முழுதாக ஏற ஒரு மணி நேரம் போதும். பேட்டரியைத் திரும்ப மாட்டும்போது பேட்டரி, கியர் இரண்டு பக்கமும் ஈரமில்லாமல் துடைத்து, பூட்டு 'டக்' என்று விழும்வரை அழுத்துங்கள், இல்லையென்றால் மேடு பள்ளத்தில் கழன்று செம்பனை மரத்தடியில் தேட வேண்டியதுதான். வழியில் பின் பேட்டரி செத்தால் முன்னால் உள்ளதைக் கழற்றி அங்கே போடலாம், இரண்டும் ஒன்றுதான். சைக்கிளைக் காரில் ஏற்றி வருகிறவர்கள் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், குலுக்கலில் கியர் விழித்துக்கொண்டே இருக்கும், சார்ஜ் வீணாகும்.

ஷிமானோ டிஐ2 (வயர் உள்ள மின் கியர்) பேட்டரி பெரும்பாலும் சீட் போஸ்ட்டுக்குள் (சீட்டைத் தாங்கும் குழாய்) இருக்கும். சீட்டை இறக்கி ஏற்றுகிறவர்கள் வயரைப் பிடித்து இழுக்காதீர்கள், அதற்கென்று சின்னக் கருவி இருக்கிறது. சார்ஜ் குறைந்தால் முதலில் முன் கியர் நின்றுவிடும், அப்புறம்தான் பின் கியர்.

கைப்பிடியில் உள்ள கியர் மாற்றும் பட்டனுக்குப் பேட்டரி தனி (ஏஎக்ஸ்எஸ்ஸுக்கு சிஆர்2032 என்ற காசு மாதிரி பேட்டரி), அதை யாருமே நினைப்பதில்லை!

வெயிலில் நிற்கும் காருக்குள் பேட்டரியை விடாதீர்கள். சேற்றைக் கழுவ கார் கழுவும் கடையின் அழுத்தத் தண்ணீரும் வேண்டாம், வாளியும் துணியும் போதும்.