மதிப்பெண்ணை உரக்க வாசிக்க வேண்டாம்

மாணவர் மனநலம் குறித்த தங்கள் தலையங்கம் படித்தேன். பள்ளிகளுக்கு ஆலோசகர்கள் தேவைதான். ஆனால் பிள்ளையின் மனம் முதலில் நோவது வகுப்பறையில், அதுவும் விடைத்தாள் கொடுக்கும் நாளில். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. பிரம்பு ஓரளவு ஒழிந்தது, சொல்லடி ஒழியவில்லை.

ஏழாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தியின் வகுப்பில், குறைந்த மதிப்பெண்ணில் தொடங்கி ஒவ்வொரு பெயராக உரக்க வாசித்திருக்கிறார்கள். முதலில் எழுந்து நின்றவள் அவள். அதன்பின் மூன்று வாரம், திங்கள்கிழமை காலையில் இட்லியைத் தொடாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் கோளாறு ஏதுமில்லை என்றார் மருத்துவர். விடைத்தாளை மடித்து அவரவர் கையில் கொடுக்கச் சொல்லி, முதன்மைக் கல்வி அலுவலர் எல்லாப் பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். காலாண்டுத் தேர்வு விடைத்தாள் தருவதற்கு முன்பே அது வந்தால் நல்லது.

- ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்.