ஏசி மெக்கானிக் அண்ணனுக்கும் சேத்து ஒரு நன்றி

தீசிஸ் சப்மிட் பண்ணியாச்சு மக்களே. அதுல நன்றிப் பக்கம் இருக்கு, ஆனா இங்கிலீஷ்ல இருக்கு, போய்ச் சேர வேண்டிய பாதிப் பேருக்கு சேராது. அதனால இங்க.

"இத்தன வருசமா இருட்டு ரூம்ல என்னடா பண்ற"ன்னு வீட்ல கேட்டுட்டே இருந்தாங்க. டோபோலாஜிக்கல் இன்சுலேட்டர்னு ஒரு ஐட்டம், உள்ள கரண்ட் போகாது, மேற்பரப்புல மட்டும் ஓடும். புக்ல அப்டித்தான். நெசத்துல அந்த வகைல ஒன்னான பிஸ்மத் டெல்லுரைடு வளக்கும்போதே பெரும்பாலும் உள்ளயும் எலக்ட்ரான் நெறஞ்சுடும், இன்னொன்னான ஆன்டிமனி டெல்லுரைடுல நேரெதிரா ஹோல் (எலக்ட்ரான் இல்லாத காலி எடம்) நெறஞ்சுடும், சரி ஒன்னு மேல ஒன்ன வளத்தா ரெண்டும் கழிஞ்சிடும்லன்னு செய்றதுதான் எங்க ஹெட்டிரோஸ்ட்ரக்சர். அதுமேல ஒரு லேசர் பல்ஸ அடிச்சு எலக்ட்ரான உசுப்பிவிட்டு, கொஞ்சம் லேட்டா இன்னொரு பல்ஸ் அனுப்பி, எவ்ளோ நேரத்துல அடங்குதுன்னு பாக்கணும். சில பிகோசெகண்ட்தான் (செகண்ட லட்சம் கோடியா பிரிச்சா அதுல ஒன்னு). ரெண்டாவது பல்ஸ் பட்டுத் திரும்புற கண்ணாடிய 1 மைக்ரான் நகத்துனா 6.7 ஃபெம்டோசெகண்ட் (பிகோவுல ஆயிரத்துல ஒன்னு) லேட் ஆகும், ஒளி போய்ட்டு திரும்பி வரணும்ல.

சாம்பிள் வளத்துக் குடுத்த அக்காவுக்கு மொத நன்றி. அஞ்சு அணு அடுக்கு சேந்தாதான் 1 நானோமீட்டர், அப்டி ஒவ்வொன்னா ராத்திரி முழுக்க உக்காந்து வளத்தத நான் ட்வீசர்ல கீழ போட்டு ஒடச்சப்போ கூட திட்டல. (மூஞ்சிய மட்டும் பாக்கல.)

சிக்னல்ல அழகா ஒரு அலை வந்துச்சு, புதுசா கண்டுபிடிச்சுட்டேன்னு குதிச்சேன். சீனியர் அண்ணன் டீ குடிச்சிட்டே, "தம்பி, எத்தன டெராஹெர்ட்ஸ்?" 1.9னு சொன்னேன். "அது லேட்டிஸ், அணு அடுக்கு ஆடுறதுடா, எல்லாருக்கும் வரும்." அன்னைக்கு கடுப்பா இருந்துச்சு, இப்ப யோசிச்சா மானத்த காப்பாத்துனது அவர்தான்.

அப்புறம் மெக்கானிக் அண்ணன். இருவது நிமிசத்துக்கு ஒருக்கா சிக்னல் மேல கீழ போகும், மூணு மாசம் சாம்பிளையே குத்தம் சொல்லிட்டு இருந்தோம். அவர் வந்து கைய நீட்டி காத்து பாத்துட்டு, "கம்ப்ரசர் ஆன் ஆகும்போதெல்லாம் காத்து நேரா ஒங்க டேபிள்ல விழுது சார்"னு ஒரு அட்டைய மடிச்சு ஒட்டிட்டுப் போனார். அவ்ளோதான், சிக்னல் ஆடாம நின்னுடுச்சு!

அவருக்கும் ஒரு தீசிஸ் காப்பி குடுத்தேன். பொரட்டிப் பாத்துட்டு "ஏசி எந்தப் பக்கத்துல சார் இருக்கு"ன்னார். 'ரூம் டெம்பரேச்சர் நிலையா வைக்கப்பட்டது'ன்னு ஒரே ஒரு வரி, 61ஆம் பக்கம்ணே.