முருகேசனுக்கு, தூசி உறிஞ்சுற டக்ட் (காத்துக் குழாய்) விஷயமா

டேய் முருகேசா,

சின்னவளுக்கு வரன் அமைஞ்சிருச்சுன்னு நீ எழுதினதை இவகிட்ட படிச்சுக் காட்டினேன், உடனே பீரோவைத் திறந்து புடவை பாக்க ஆரம்பிச்சுட்டா. கண்டிப்பா வர்றோம்டா, முதல் நாளே வந்துடறோம். உங்க அம்மாவுக்கு முட்டி இப்ப எப்படி இருக்கு, அதை மட்டும் நீ எழுதவே இல்ல.

இங்க எல்லாரும் சௌக்கியம். அல்சூர்ல மழை வந்தா டிராஃபிக், வரலைன்னாலும் டிராஃபிக், அதை விடு. மரவேலைப் பட்டறை என்னாச்சுன்னு கேட்டியே, கார் நிறுத்துற இடத்துல மரம் அறுக்கற டேபிள் சா, பேண்ட் சா, இழைக்கற பிளானர் மூணும் உக்காந்தாச்சு, கார் ரோட்டுல நிக்குது. இப்ப மண்டையக் குடையறது தூசிதான். குடகு எஸ்டேட் பக்கத்துல இருந்து வர்ற சில்வர் ஓக் இங்க சல்லிசா கெடைக்குது, அதை இழைச்சா சுருள் சுருளா விழும், அது பரவால்ல, கூட்டித் தள்ளிடலாம். கண்ணுக்கே தெரியாம மிதக்குற மாவுத் தூசி இருக்கு பாரு, அதான் வில்லன். மரத்தூசி மனுஷனுக்கு கேன்சர் வரவைக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு 1995லயே முதல் குரூப்ல சேத்துருச்சு. அதனால தூசியை உறிஞ்சிப் பிடிக்கற 2 ஹெச்பி டஸ்ட் கலெக்டர் ஒண்ணு வாங்கி மூலைல வச்சிருக்கேன். அதுல இருந்து மெஷினுக்கு எந்தக் குழாய் ஓட்டறதுங்கறதுதான் இப்ப ஓடிட்டு இருக்கு. நீ மில்லுல பஞ்சு உறிஞ்சுற டக்டோடயே காலம் தள்ளினவன், உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்றது.

கேக்கறவன் எல்லாம் 110 எம்எம் பிவிசி போடு, சீப்பா முடிஞ்சிரும்கறான். கணக்கு போட்டுப் பாத்தா அது ஆகாதுடா. மரத்தூள் குழாய்ல படியாம ஓடணும்னா காத்து நிமிஷத்துக்கு 4000 அடி வேகத்துல போகணும்னு வச்சுக்க. 4 இன்ச் குழாய்ல அந்த வேகத்துக்கு 350 சிஎஃப்எம்தான், அதாவது நிமிஷத்துக்கு 350 கன அடி காத்துதான் போகும், 6 இன்ச்ல 785. விட்டம் ஒண்ணரை மடங்குதான் ஏறுது, காத்து ரெண்டேகால் மடங்கு. சுருளை மட்டும் இழுக்க 350 போதும், மாவுத் தூசியையும் மெஷின்கிட்டயே பிடிக்கணும்னா 800 பக்கம் வேணும்கறாங்க. சரி இன்னும் பெருசா போடுவோம்னு 8 இன்ச்சுக்குப் போனா அதே 785 அங்க நிமிஷத்துக்கு 2250 அடியா சுணங்கும், சுருள் எல்லாம் குழாய் அடியில படுத்துக்கும். ஆக 6 இன்ச், அதுல மாத்தமே இல்ல.

இன்னொண்ணு, இது உனக்கே புரியும். அமெரிக்காக்காரன் போடற அட்டவணை எல்லாம் 60 ஹெர்ட்ஸ் கரண்ட்ல 3450 சுத்துற மோட்டாருக்கு. நம்ம 50 ஹெர்ட்ஸ்ல அதே மோட்டார் 2850தான் சுத்தும், அதே இம்பெல்லர்னா, அதான் காத்தைத் தள்ளற விசிறிச் சக்கரம், காத்து ஆறுல ஒரு பங்கு கம்மி, உறிஞ்சுற அழுத்தம் ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு கம்மி. அவன் டப்பால எழுதியிருக்கற நம்பரை நம்பி இங்க குழாய் நீளத்தை இழுத்துட்டே போனா கடைசி மெஷின்ல வெறும் சத்தம்தான் வரும். அதனால பிளானரைத் தூக்கி கலெக்டர் பக்கத்துலயே போட்டுட்டேன், அதுதான் அதிகமா துப்புது.

குழாய் தகரத்துலதான்னு முடிவு பண்ணிட்டேன். 6 இன்ச்சுன்னா 160 எம்எம் பிவிசியும் இருக்கே, ஏன் தகரம்னு கேப்ப. பயம் காட்டறவன் எல்லாம் ஸ்டேட்டிக் ஏறி வெடிச்சிரும்கறான், வீட்டுப் பட்டறை அளவுக்கு அது கொஞ்சம் ஓவர்னுதான் எனக்குப் படுது. ஆனா பிவிசிக்கு மேல காப்பர் கம்பியைச் சுத்தி எர்த் பண்ணிட்டேன்னு சொல்றதுல அர்த்தம் கம்மி, பிவிசி கரண்ட் கடத்தாத பொருள், கம்பி தொடற இடத்தைத் தாண்டி சார்ஜ் அங்கயேதான் நிக்கும். ஜிஐ, அதான் துத்தநாகம் பூசின தகரம்னா ஒரு ஒயர்ல எர்த் முடிஞ்சுது, ஜாயிண்ட்ல சீலன்ட் போட்டு தொடர்பு விட்டுப்போச்சுன்னா சின்னதா ஜம்பர் ஒயர் போதும். எனக்குப் பெரிய காரணம் வேற. பிளம்பிங் பெண்டு சட்டுனு திரும்பும், தண்ணிக்கு அது ஓகே, மரச்சுருள் அங்கதான் மாட்டும். தகரத்துல நாம கேக்கற வளைவுல அடிச்சு வாங்கலாம். அதுவும் இல்லாம நாளைக்கு மெஷினை இடம் மாத்தினா டேப்பைப் பிரிச்சுக் கழட்டலாம், பசை போட்டு ஒட்டின பிவிசியை அறுக்கத்தான் வேணும்.

பீன்யால ஏசி டக்ட் அடிக்கற ஒரு ஷெட்டுக்குப் போனேன், மேஸ்திரி கிருஷ்ணகிரிக்காரர், கன்னடத்துல ஆரம்பிச்ச பேரம் தமிழ்ல முடிஞ்சுது. முதல்ல அவர் காட்டினது நீளவாக்குல மடிச்சு லாக் போட்ட மெல்லிசு குழாய், 30 கேஜ் (கேஜ் நம்பர் ஏற ஏற தகடு மெல்லிசு). அது காத்தை வெளிய தள்ளற வேலைக்கு. நமக்கு உறிஞ்சுற வேலை, ஒவ்வொரு மெஷின் குழாயையும் அடைக்கற கேட் எல்லாம் மூடியிருக்கறப்ப கலெக்டர் ஓடினா 8 இன்ச் தண்ணி அழுத்தம்னு வச்சாலே சதுர மீட்டருக்கு 200 கிலோ வெளிய இருந்து அமுக்கும், மிதிச்ச தகர டப்பா மாதிரி ஆயிடும். தகட்டைச் சுருள் மாதிரி சுத்தி மடிச்ச ஸ்பைரல் டக்ட்னா 26 கேஜே தாராளம், அந்தச் சுத்து மடிப்பே அதுக்கு எலும்பு. கை முழுக்க வெட்டுப்பட்டாலும் பரவால்லன்னு அதைத்தான் சொல்லியிருக்கேன்.

வளைவுக்கு வர்ற எல்போ 9 இன்ச் ரேடியஸ், அஞ்சு துண்டா வெட்டி அடிக்கணும்னேன், ஆளு என்னை ஏற இறங்கப் பாத்தாரு. கிளை எல்லாம் T மாதிரி நேரா முட்டற டீ வேணாம், 45 டிகிரி சாஞ்சு சேர்ற ஒய்தான்னு பேப்பர்ல வரைஞ்சு குடுத்தேன். ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் உள்ள நுழையற முனை கலெக்டர் பக்கம் பாத்து இருக்கணும், இல்லன்னா அந்த விளிம்புல சுருள் சிக்கும். ஸ்குரூ வேணாம், கூர்முனை உள்ள நீட்டிட்டு நிக்கும், பாப் ரிவெட் அடிச்சு மேல அலுமினியம் டேப். ஃப்ளெக்ஸ் ஹோஸ் மெஷின்கிட்ட கையளவுதான், அது வழவழப்பு இல்லாததால அழுத்தத்தை நல்லாத் தின்னும்.

விலை பிவிசியை விடக் கூடத்தான், இவகிட்ட பாதிதான் சொல்லியிருக்கேன், நீயும் கல்யாணத்துல உளறி வைக்காத.

இப்ப உன்னால ஒரு காரியம் ஆகணும். மில் மெஷினை எல்லாம் உடைச்சு எடைக்குப் போடறாங்கன்னு போன தடவை சொன்னியே, உக்கடம் பக்கம் பழைய இரும்புக் கடைல 6 இன்ச் ஸ்லைடு டாம்பர், அதான் தகட்டைத் தள்ளி குழாயை அடைக்கற கேட், மூணு தேறுமா பாரு. அலுமினிய வார்ப்பா இருந்தா நல்லது. தகடு போய் முட்டற காடி அடைச்ச மாதிரி இருந்தா வேணாம், அதுல தூள் இறுகி கேட் முழுசா மூடாது, தூளை வெளிய தள்ளற மாதிரி காடி திறந்திருக்கணும். கெடைச்சா பஸ் பார்சல்ல போட்டு விடு, காசு ஜிபேல அனுப்பறேன், வேணாம்னு சீன் போடாத.

செல்வம்