வருமான வரி போனால் பள்ளிக்கூடத்துக்கு யார் தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவின் ஓஹியோ மாநில ஆளுநர் தேர்தலில் குடியரசுக் கட்சி சார்பில் விவேக் ராமசாமி நிற்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெற்றோரின் பாலக்காட்டுப் பூர்வீகம், வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தது, சின்சினாட்டி நாட்கள், ட்ரம்ப்பின் ஆதரவு என்று எல்லாம் இருந்தது. பதவிக்கு வந்தால் என்ன செய்வார் என்பது மட்டும் இல்லை. இங்கே ஆளுநர் என்றால் நம் ஊர் முதலமைச்சர் மாதிரி. பட்ஜெட்டை முன்வைப்பவர் அவர்தான். தலைநகர் கொலம்பஸ் பக்கம் வீடு வாங்கி, குடியுரிமை பெற்று ஓட்டுப் போடுகிறவன் என்பதால் எழுதுகிறேன்.

மாநில வருமான வரியை அடியோடு எடுத்துவிட்டு, சொத்து வரியையும் குறைப்பதாக அவர் சொல்கிறார். சொத்து வரியால் ஜனங்கள் நொந்துபோயிருப்பது நிஜம். எங்கள் ஃபிராங்க்ளின் கவுன்டியில் வரிக்கான 2023 மறுமதிப்பீட்டில் வீடுகளின் மதிப்பு சராசரியாக சுமார் 40 சதவீதம் ஏறியது. பென்ஷனில் காலம் தள்ளுகிறவர்களுக்கு வருமானம் அப்படியா ஏறியது? இந்தக் குறையை அவர் கையில் எடுத்ததில் தப்பே இல்லை.

ஆனால் அந்த வரி ரசீதைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள். பெரும்பகுதி உள்ளூர் அரசுப் பள்ளிகளை நடத்தும் ‘பள்ளி மாவட்டம்’ என்ற அமைப்புக்குப் போகிறது. அதற்குக் கீழே குழந்தைகள் நலம், மனநலச் சிகிச்சை, முதியோர் சேவை, நூலகம், பூங்கா, மிருகக்காட்சி சாலை வரை வரிசையாக இருக்கும். பலவும் மக்களே ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்டவை. பள்ளிகள் சொத்து வரியை அளவுக்கு மீறி நம்பியிருப்பது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று ஓஹியோ உச்ச நீதிமன்றம் 1997-லேயே தீர்ப்பளித்தது. அந்தப் பாரத்தை இறக்க வேண்டுமானால் மாநில அரசு கூடுதலாகத் தர வேண்டும். மாநில கஜானாவிலோ விற்பனை வரிக்கு அடுத்த பெரிய வரவு வருமான வரி. 2025 பட்ஜெட்டிலேயே மேல்தட்டுக்கு அதைக் குறைத்து, 2026 முதல் 2.75 சதவீதம் என்று ஒரே விகிதமாக்கிவிட்டார்கள். மிச்சமிருப்பதையும் எடுத்துவிட்டு, சொத்து வரியிலும் கை வைத்தால் பள்ளிக்கூடத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்?

டெக்சாஸைப் பார் என்கிறார்கள் வருமான வரி வேண்டாம் என்பவர்கள். அங்கே வருமான வரி இல்லைதான், ஆனால் சொத்து வரி நாட்டிலேயே மிக அதிகமான மாநிலங்களில் அதுவும் ஒன்று. ஃபுளோரிடாவுக்குச் சுற்றுலாப் பயணிகள் வரி கட்டிவிட்டுப் போகிறார்கள். நாம் பார்க்க வேண்டியது கான்சஸை. 2012-இல் ஆளுநர் சாம் பிரவுன்பேக் வருமான வரியைப் பெரிய அளவில் வெட்டினார். கஜானா காய்ந்தது. 2017-இல் அவருடைய குடியரசுக் கட்சியே பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றம், அவரது வீட்டோவையும் மீறி வரியைத் திரும்பக் கொண்டுவந்தது.

கடைசியில் மிஞ்சுவது விற்பனை வரி. அது வாங்கும் கூலி முழுவதையும் செலவழித்தே தீர வேண்டியவர்கள் தலையில் விழும். என்னைப் போன்ற ஐ.டி. சம்பளக்காரர்களுக்கு இந்தத் திட்டத்தில் லாபம்தான். அது தெரிந்தேதான் வேண்டாம் என்கிறேன்.

ஆசிரியர்களுக்குத் திறமைக்கேற்ற சம்பளம் என்ற ராமசாமியின் வாக்குறுதியும் உண்டு. எங்கள் ஊர் டப்ளினில் டியூஷன் முடித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதும், சுரங்கங்கள் மூடிப்போன தென்கிழக்கு மலைப்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதும் ஒன்றா? எப்படி அளப்பார் என்று சொல்லட்டும், அப்புறம் பேசலாம்.

அவருடைய பெயரையும் மதத்தையும் வைத்து அவரை ஏசுகிறவர்களைப் பார்த்தால் ஆத்திரம் வருகிறது. அதேபோல, பெயரைப் பார்த்து ஓட்டுப் போடச் சொல்வதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

தேர்தல் 2026 நவம்பர் 3. அதற்கு முன் ஓர் இதழிலாவது அவருடைய வரித் திட்டத்தையும், ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டாக்டர் ஏமி ஆக்டன் பள்ளி நிதிக்கு என்ன வழி சொல்கிறார் என்பதையும் விரிவாகப் போடுங்கள். தமிழ்ச் சங்க விழாவுக்கு வேட்பாளர்கள் வந்தால், செல்ஃபி எடுப்பதற்கு முன் நம்மவர்கள் இந்தக் கணக்கைக் கேட்க அது உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
டப்ளின், ஓஹியோ