உதவித்தொகைக்குக் காத்திருக்கும் நரம்பு செல்கள்

ஆசிரியருக்கு, வணக்கம்.

பார்க்கின்சன் நோய் பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அந்த ஆராய்ச்சியில் நாள் முழுக்கக் கிடக்கிறவர்களைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே. என் மகள் முனைவர் பட்டம் முடித்துவிட்டு பெங்களூரில் போஸ்ட்டாக், அதாவது பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சியாளராக இருக்கிறாள். நோயாளியின் ரத்த செல்லை, எந்த வகை செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லாக மாற்றி, அதிலிருந்து டோபமைன் சுரக்கும் நரம்பு செல்களை, அதாவது இந்த நோயில் மூளையில் அழிந்துபோகிற செல்களை வளர்ப்பது அவள் வேலை. 2006இல் ஜப்பான் விஞ்ஞானி யமனாகா எலி செல்லில் செய்து காட்டிய வழி. பக்குவமாக வர மாதக்கணக்கில் ஆகும், நடுவில் ஊட்டக் கரைசலை மாற்றத் தவறினால் எல்லாம் போச்சு. போன பொங்கலுக்குக் காட்பாடியில் வந்து இறங்கியவள் மறுநாளே லால்பாக் ரயிலைப் பிடித்துத் திரும்பிவிட்டாள், கரும்பு அப்படியே கிடந்தது.

அவளுக்கு ஐந்து மாதமாக உதவித்தொகை வரவில்லை. கேட்டால் ஃபைல் நகர்கிறதாம்.

என் அப்பாவுக்கும் இதே நோய்தான். கை நடுங்குவதற்கு முன்பே எழுத்து எறும்பு மாதிரி சிறுத்துவிட்டது, குடியாத்தத்தில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று செக்கைத் திருப்பிவிட்டார்கள், எங்களுக்கு அப்போது புரியவில்லை. அப்புறம்தான் டாக்டர் சொன்னார், நடுக்கம் தெரியும்போதே அந்த டோபமைன் செல்களில் பெரும்பகுதி அழிந்திருக்கும் என்று. 1960களில் வந்த லெவோடோபாதான் இன்றைக்கும் முக்கிய மருந்து. அழிவை நிறுத்தும் மருந்து இன்னும் கிடையாது. அதைத் தேடுகிறவர்களுக்கு மாதச் சம்பளம் போல முதல் தேதி பணம் போட்டால் என்ன?

ஒரு வாசகர், குடியாத்தம்