ஜெர்மனியில் கழற்றலாம், ஜெயங்கொண்டத்தில் கூடாதா?

மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் குழுவினருக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தினீர்கள். சிறு ஊர்களில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அப்போதிலிருந்து 11-க்கு மாற்றித் தருவதே பெரும்பாலான வேலை. மாற்றிக் கொடுத்ததும் கடைக்காரர்கள் கேட்பது, “இந்த எட்ஜ் பிரவுசரைத் தூக்கிட முடியாதாண்ணே?” செட்டிங்ஸில் அன்இன்ஸ்டால் பட்டன் மங்கிக் கிடப்பதைக் காட்டி, முடியாது என்கிறோம்.

ஆனால் முடியும் என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியின் 30 நாடுகளில், பெரிய டெக் நிறுவனங்களுக்குக் கடிவாளம் போடும் டிஜிட்டல் சந்தைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு 2024 முதல் எட்ஜைக் கழற்ற விடுகிறீர்கள். எங்களையும் விடுங்கள். இந்த மடலின் கோரிக்கை இவ்வளவுதான்.

விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறைக்குள், அமைப்புகளை எழுதி வைத்திருக்கும் ஒரு ஜேசன் கோப்பு இருக்கிறது. நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். எட்ஜைக் கழற்றலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. அதன் கீழே, இயல்புநிலை: முடக்கம். அப்புறம் விதிவிலக்காக இரண்டிரண்டு எழுத்துகளில் நாடுகளின் வரிசை. ஆஸ்திரியா, பெல்ஜியம், பல்கேரியா என்று போகிறது. இந்தியாவின் இரண்டெழுத்தைத் தேடிப் பார்த்தால் கிடைக்காது. அதாவது, கழற்றும் வசதியை எழுதி முடித்து, எங்கள் ஹார்டு டிஸ்க்கிலேயே கொண்டுவந்தும் வைத்துவிட்டு, நாட்டைக் கேட்டுப் பூட்டியிருக்கிறீர்கள். முதலில் விண்டோஸை அமைக்கும்போது சொன்ன நாடுதான் கணக்கு. அதைப் பின்னால் மாற்ற வேண்டுமென்றால் கணினியையே ரீசெட் செய்ய வேண்டும்.

விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம் போதும் என்று அறிவித்தது நீங்கள்தான். அந்த 4 ஜிபியோடு ஒரு பிரவுசிங் சென்டரில் தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாளில் உட்கார்ந்து பாருங்கள். குரோமில் படிவம் திறந்திருக்கும். ஹால் டிக்கெட் பிடிஎஃப்பைத் தட்டினால் எட்ஜ் எழுந்து வரும். வந்ததும் பிடிஎஃப்பைக் காட்டாமல், கணக்கில் உள்நுழையச் சொல்லி உபசரிக்கும். பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள். காசு கொடுத்து வாங்கிய வீட்டில், விற்றவர் தன் பீரோவை எடுக்காமல் வைத்துக்கொண்ட கதைதான் இது.

எட்ஜ் போனால், மற்ற செயலிகள் தங்களுக்குள் இணையப் பக்கங்களைக் காட்ட நம்பியிருக்கும் வெப்வியூ2 என்ன ஆகும் என்பீர்கள். ஐரோப்பாவில் எட்ஜைக் கழற்றினாலும் அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. 1998-இல் அமெரிக்க அரசு வழக்குப் போட்டபோதும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் விண்டோஸோடு ஒட்டிப் பிறந்தது, பிரிக்க முடியாது என்றுதான் வாதாடினீர்கள். இன்று அந்த எக்ஸ்ப்ளோரரும் இல்லை, விண்டோஸுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பிரவுசர் மட்டுமா? 2016 அக்டோபரில் விண்டோஸ் 7-க்கும் 8.1-க்கும் தனித்தனித் திருத்தங்களை நிறுத்தி, மாதாந்திர மூட்டையாகக் கட்டினீர்கள். 10 பிறந்ததிலிருந்தே மூட்டைதான். ஒரு திருத்தத்தால் பிரிண்டர் முரண்டு பிடித்தால், அந்த மாதத்துப் பாதுகாப்புத் திருத்தங்கள் அத்தனையையும் சேர்த்து நீக்கினால்தான் பிரிண்டர் ஓடும். பூட்டில்லாத கடையா, பிரிண்டர் இல்லாத கடையா என்று எங்களையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறீர்கள், மிக்க நன்றி. பாகம் பாகமாகப் பிரிந்த விண்டோஸ் வரும் என்று ‘விண்டோஸ் 10எக்ஸ்’ என்ற புதிய பதிப்பைக் காட்டினீர்கள். 2021-இல் அதையும் கைவிட்டீர்கள்.

சரி, அது பெரிய கச்சேரி. நாங்கள் கேட்பது சின்ன விஷயம். தயவுசெய்து அந்த ஜேசன் கோப்பில் இந்தியாவையும் சேருங்கள். ஒவ்வொரு நாடாகச் சேர்ப்பது சிரமம் என்றால், இயல்புநிலையையே மாற்றி எல்லோருக்கும் கழற்ற விடுங்கள். மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை அனுப்பும் அப்டேட்டிலேயே இதையும் வைத்து அனுப்பலாம். அந்த ஒரு அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் அன்றைக்கே போட்டுவிடுகிறோம்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் ஒருவன்